நாலு லட்சத்தை எங்கே வாங்குவது? கல்விக் கடனும் மற்ற வழிகளும்

கவுன்சலிங்கில் சீட் உறுதியாகி, கல்லூரியில் பணம் கட்டக் கடைசித் தேதி தெரிந்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் கடன் பேச்சே ஆரம்பிக்கிறது. அதற்குள் கையில் பத்து நாள்கூட மிச்சம் இருக்காது. யார் சீக்கிரம் தருகிறாரோ அவரிடம் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். சீக்கிரம் கிடைக்கிற கடனுக்கு விலை அதிகம் என்பது படிப்பு முடிந்து தவணை ஆரம்பிக்கும்போதுதான் உறைக்கிறது.

பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது. அதனால் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா சிவகாசியில் அச்சகத் தொழிலாளி, வாரக் கூலி. அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். மகளுக்குக் கோவையில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் வழியாக சீட் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபோது, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 என்று வைத்தார்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. ஆனால் செலவு அதோடு நிற்காது. விடுதி, மெஸ், புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து, வீட்டில் திரட்டியது போக வருடத்துக்கு ஒரு லட்சம் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்கு நான்கு லட்சம். இதை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி.

வாங்குவதற்கு முன்னால், வாங்கவே தேவையில்லாத பணம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கியிருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் மாநில அரசே ஏற்கிறது. மருத்துவத்துக்கு 2020இல் வந்த அந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்தப் பிள்ளைக்கு நாலு லட்சம் கடன் தேவையே இல்லை. குடும்பத்தில் யாருமே பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கவுன்சலிங்கில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கழியும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று தோன்றலாம். முதல் வருடம் ஒரு லட்சம் கடனுக்கு மாத வட்டியே எண்ணூறு ரூபாய்க்குள்தான் வரும். அந்த ஆயிரத்தை அப்படியே கடன் கணக்கில் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு கணக்கோடு பார்ப்போம்.

சரி, இத்தனையும் போக நாலு லட்சம் தேவைப்படுகிறது. கடன் என்றதும் எல்லாரும் கேட்பது வட்டி எத்தனை சதவீதம் என்று. கல்விக் கடனைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. பிள்ளை படிக்கிற நான்கு வருடமும், அதன் பிறகு வேலை தேடும் ஒரு வருடமும் வட்டியை யார் கட்டுவது? இதுதான் முதலில் கேட்க வேண்டியது. விகிதத்தில் அரை சதவீதம் முன்னே பின்னே இருந்தால் தவணையில் ஒரு நூறு இருநூறு மாறும். இந்த ஐந்து வருட வட்டியில் லட்சங்களே மாறும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வங்கி ஒரு லட்சம் விடுவிக்கிறது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், தனிவட்டியாக. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்தம் 1,33,000 ரூபாய். தவணை ஆரம்பிக்கிற நாளில் கடன் நான்கு லட்சமாக இருக்காது, 5,33,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 6,900 ரூபாய்.

இதே கடனுக்கு அந்த ஐந்து வருட வட்டியை அரசு கட்டிவிட்டால்? தவணை நான்கு லட்சத்துக்கு மட்டும்தான், மாதம் சுமார் 5,180. பத்து வருடத்தில் வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதே வங்கி, அதே வட்டி விகிதம். மானியம் வந்ததா வரவில்லையா என்பது மட்டும்தான் வேறுபாடு.

மானியம் கிடைக்க மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும். ஒன்று, குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள். இரண்டு, படிப்பு தொழில்நுட்பப் படிப்பாகவோ தொழிற்படிப்பாகவோ இருக்க வேண்டும், தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகளான நாக் கல்லூரிக்கோ, என்.பி.ஏ. பாடப்பிரிவுக்கோ அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடுவது: கடன், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஒரு வங்கியில் வாங்கியதாக இருக்க வேண்டும். நகைக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் நிதி நிறுவனக் கடனுக்கும் இது வராது. 2009 முதல் நடப்பில் இருக்கிற மத்திய அரசுத் திட்டம் இது. கனரா வங்கிதான் இதற்கு முகமை வங்கி, அதாவது அரசு சார்பில் மானியத்தைக் கையாளும் வங்கி. பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கணக்கில் வரவாகும். அதுவும் தாமதமாக வரும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கு விவரத்தை வாங்கி, மானியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் கிளையில் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு விட்டுப்போன கதைகள் ஊருக்கு நாலு இருக்கும். பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் கிடையாது, உடல்நலக் காரணம் தவிர.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இதற்கு மேல் ஒன்று. தேசியத் தரவரிசையில் மேலே இருக்கும் கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860, பட்டியல் வருடா வருடம் புதுப்பிக்கப்படும்), தகுதி அடிப்படையில் சீட் கிடைத்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை ஆரம்பிக்கும் வரை மூன்று சதவீத வட்டியை அரசு கட்டும். நம் கணக்கில் இதை வைத்துப் பார்த்தால் தவணை 6,350 அளவுக்கு இறங்குகிறது. நாலரை லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கு முழு வட்டி மானியமே மேல். எட்டு லட்சம் வரையிலான நடுத்தர வீட்டுக்குத்தான் இந்த மூன்று சதவீதம் பெரிய விஷயம். ஆனால் வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்தச் சலுகை, அதிலும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் தொழிற்படிப்புகளுக்கும் முன்னுரிமை. நம் சிவகாசிப் பெண்ணின் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் தேடிப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகள் அதில் இல்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். வித்யாலட்சுமி என்ற பெயரில் 2015இலேயே ஓர் இணையதளம் வந்துவிட்டது. ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். 2024 திட்டத்துக்கு இருப்பது தனித் தளம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றில் பதிந்துவிட்டு இன்னொன்றின் சலுகைக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

பொதுத்துறை வங்கிக் கடனின் மற்ற நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன். நான்கு லட்சம் வரை உங்கள் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு ஐந்து சதவீதம் நீங்கள் போட வேண்டும். நான்கு லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்பதால் அதுவரையிலும் சொத்துப் பத்திரம் தேவைப்படாது. பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கட்டப் பதினைந்து வருடம் வரை அவகாசம் உண்டு. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டி வந்தால் ஒரு சதவீதம் குறைத்துக் கொடுக்கிற வங்கிகளும் உண்டு.

மேலே சொன்ன ஆயிரம் ரூபாய்க்கு இப்போது வரலாம். மானியம் கிடைக்காத வீடாக இருந்தால், முதல் வருடம் மாத வட்டி 792 ரூபாய். இரண்டாம் வருடம் 1,583. மூன்றாம் வருடம் 2,375. அதன் பிறகு 3,167. முதல் வருடம் புதுமைப் பெண் பணமே வட்டியைக் கட்டிவிடும். அடுத்த வருடம் இன்னொரு அறுநூறு சேர்க்க வேண்டும். கடைசி வருடம் கஷ்டம்தான், முடிந்த அளவு கட்டலாம். முழுவதும் கட்டிவிட்டால் தவணை ஆரம்பிக்கும்போது கடன் நான்கு லட்சத்தில் நிற்கும், மொத்தத்தில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இதெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது. பொதுத்துறை வங்கிக் கடனின் குறை காகிதத்தில் இல்லை, கவுன்டரில் இருக்கிறது. அந்த அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போகிறார். “காலேஜ் கோயம்புத்தூர்ல இருக்குல்ல ஐயா, அங்க உள்ள பிராஞ்ச்ல கேளுங்க” என்கிறார்கள். கோவையில் போய்க் கேட்டால், “உங்க வீடு சிவகாசி சார், நாங்க எப்படித் தர முடியும்? அங்கயே கேளுங்க” என்கிறார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. பெற்றோர் குடியிருக்கும் ஊரின் கிளைதான் பொதுவாகக் கடன் தர வேண்டியது. அதே ஊரிலும் “நீங்க எங்க ஏரியா இல்லை” என்று சொல்லித் தள்ளக் கூடாது. கிளைக்கு ஒதுக்கிய பகுதிக்குள் மட்டும் கடன் தருவது என்ற சேவைப் பகுதி வரம்பு கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று 2012 நவம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மேசையில் வைத்துக் கேட்டால் பேச்சு மாறும்.

நிராகரிப்பதானால் கிளை மேலாளர் தானாகச் செய்ய முடியாது, மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் யாரும் எழுத்தில் மறுப்பதில்லை, “அடுத்த வாரம் வாங்க” என்று நடக்க விடுவார்கள். இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்வதன் பயன் இங்கேதான். தேதியோடு ஆதாரம் இருக்கும். இரண்டு வாரம் அசையவில்லை என்றால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். பல மாவட்டங்களில் ஆட்சியர்களே கல்விக் கடன் முகாம் நடத்துகிறார்கள். மதுரையில் நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் முன்னின்று நடத்திய முகாம்கள் ஊரறிந்தவை. முகாமில் வங்கிகள் எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதால், இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் அலைக்கழிப்பது குறையும்.

காகிதங்களில் மாட்டுவது பெரும்பாலும் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முன்னால் எழுத்து, பான் அட்டையில் பின்னால் முழுப் பெயர், மகளின் மதிப்பெண் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் கட்டணத் தேதி போய்விடும். ஏப்ரல், மே மாதத்திலேயே இதைச் சரிசெய்துவிட வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் போட்டுத் தாசில்தாரிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல்லூரியில் வாங்க வேண்டியது, அங்கே படிக்கிறார் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழும், நான்கு வருடத்துக்குமான கட்டண விவரமும். விடுதிக் கட்டணத்தையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அதில் இல்லாததற்கு வங்கி பணம் தராது.

இன்னொன்று சிபில், அதாவது வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவும் மதிப்பெண்ணும். அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார், அந்த ஆள் கட்டியிருக்க மாட்டார். அல்லது என்றோ தவணையில் வாங்கிய செல்போனுக்கு இரண்டு மாதம் பாக்கி. குழுக் கடனும் இப்போது பதிவாகிறது. பெற்றோரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2020இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அட்மிஷன் பத்து நாளில் முடியும்போது தீர்ப்பைக் காட்டி வாதாட யாருக்கு நேரம் இருக்கிறது? சிபில் அறிக்கையை வருடம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். பிளஸ் டூ பரீட்சை நடக்கும்போதே எடுத்துப் பார்த்து, சின்ன பாக்கிகளை அடைத்துவிட்டு, முடித்ததற்குக் கடிதம் வாங்கி வைப்பதுதான் நடைமுறைக்கு ஆகும். அப்பாவின் கணக்கு தேறாது என்றால் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராக வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நிதி நிறுவனங்கள். அட்மிஷன் நாளில் கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இனிமை, இரண்டு மூன்று நாளில் பணம். அலையவிடாததற்கு ஒரு விலை உண்டு: பரிசீலனைக் கட்டணம், கூடுதல் வட்டி, படிக்கும்போதே ஒரு பகுதி வட்டி. முக்கியமாக, மத்திய அரசின் வட்டி மானியம் இல்லை. 13 சதவீதம் என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், ஐந்து வருடத்தில் வட்டி 1,82,000. தவணை மாதம் சுமார் 8,690. மானியத்தோடு கூடிய வங்கிக் கடனுக்கு 5,180. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கூடுதலாக, பத்து வருடம். முதல் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது விடுதி வாடகை.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்கி தர மறுக்கும் இடங்களில், வெளிநாட்டு மேற்படிப்பு போன்ற பெரிய தொகைகளில், அவர்கள் தருகிறார்கள். ஆனால் உள்நாட்டில், கவுன்சலிங்கில் வாங்கிய சீட்டுக்கு, வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் வீடு அந்த மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது, அரசு தருகிற இரண்டு லட்சத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான். வங்கியில் மனு போட்டு ஒரு மாதமாவது முயன்று பார்த்த பிறகு அங்கே போகலாம்.

அந்த ஒரு மாதத்துக்குத்தான் நகை. நம் ஊரில் படிப்புச் செலவு என்றாலே முதலில் திறப்பது பீரோதான். பொதுத்துறை வங்கியில் நகைக் கடன் வட்டி கல்விக் கடன் வட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும், அரை மணி நேரத்தில் பணம், சிபிலைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2025இல் கொண்டுவந்த விதிகளின்படி, 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80 சதவீதம் கடன் வாங்க முடியும். அதனால் பலர் “எதுக்கு பேங்க் பேங்க்கா அலையணும், நகையை வெச்சிடலாம்” என்று நான்கு வருடத்தையும் நகையிலேயே ஓட்டப் பார்க்கிறார்கள்.

அது ஏன் சரிவராது? வட்டியும் அசலும் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனுக்குப் பன்னிரண்டு மாதம்தான் கெடு. பிள்ளை இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டியிருக்கும்போது, ஒவ்வொரு வருடமும் முழு வட்டியைப் புரட்டிக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். அதே ஜூன், ஜூலையில்தான் அடுத்த வருடக் கட்டணமும் வரும். மானியம் இல்லை. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இ என்று அறியப்பட்ட சலுகை உண்டு, எட்டு வருடம் வரை, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. பொது நகைக் கடனுக்கு அதைக் கேட்பது கடினம். கடைசியாக, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அன்றைக்கு வைக்க ஒன்றும் இருக்காது. என் அபிப்பிராயம்: முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு மட்டும் நகையை வைத்துக் கட்டிவிட்டு, கல்விக் கடன் வந்ததும் மீட்டுவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய கட்டணத்தை ரசீது பார்த்துத் திருப்பித் தருவார்களா என்று வங்கியில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில வங்கிகள் தரும்.

நூற்றுக்கு மூன்று வட்டி பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. லட்சத்துக்கு மாதம் மூவாயிரம், வருடத்துக்கு 36 சதவீதம். நான்காம் வருடத்தில் வட்டி மட்டும் மாதம் பன்னிரண்டாயிரம் ஆகிவிடும், அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்தும் வீட்டு வாசலில் வசூல் நின்றபாடில்லை. ஏலச்சீட்டு ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் எடுக்கலாம், கட்டணத்துக்காகப் புதிதாகச் சேர்ந்து முதல் மாதத்திலேயே தள்ளி எடுப்பது நஷ்டம். தாட்கோ (பட்டியலின, பழங்குடியினருக்கு), டாம்கோ (சிறுபான்மையினருக்கு), டாப்செட்கோ (பிற்படுத்தப்பட்டோருக்கு) ஆகிய அரசுக் கழகங்களில் அந்தந்தப் பிரிவினருக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு. வட்டி வங்கியைவிட மலிவு, ஆனால் ஜாமீன்தாரர், காத்திருப்பு இரண்டும் கூடுதல். தகுதி இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் கவுன்சலிங் சீட்டுக்கு. நிர்வாக ஒதுக்கீடு என்றால் கதையே வேறு, அதனால்தான் கடனைப் பற்றிய முடிவு உண்மையில் வங்கியில் எடுக்கப்படுவதில்லை, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது என்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறார்கள். பி.எம். வித்யாலட்சுமியில் அதற்கு இடமில்லை. பல வங்கிகள் சிறு தொகைக்கே சொத்துப் பத்திரம் கேட்கும். கட்டணத்துக்கு மேல் கேட்கப்படும் நன்கொடைக்கு ரசீது வராது. 1992இன் தமிழ்நாடு சட்டப்படி அப்படி வாங்குவதே குற்றம். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அந்தத் தொகைக்குத்தான் மூன்று வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். கவுன்சலிங்கில் அதே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கும் என்றால், கடன் கணக்கை மட்டும் வைத்துப் பார்க்கும் நான் எலக்ட்ரானிக்ஸ்தான் எடுக்கச் சொல்வேன். பிள்ளையின் விருப்பத்தை அளக்க என்னிடம் கணக்கு இல்லை, அது வீட்டில் பேசி முடிவு செய்வது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருடம் நான்கு லட்சம் ஆகிற படிப்பு என்றால் மொத்தம் பதினாறு லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் போவதால் வீட்டுப் பத்திரம் வைக்க வேண்டிவரும். அந்தப் பல்கலைக்கழகம் வித்யாலட்சுமிப் பட்டியலில் இருந்தால் பத்திரம் இல்லாமலே கிடைக்கலாம், ஆனால் கட்ட வேண்டியது குறையாது. நம் பழைய கணக்கின்படி மானியம் இல்லாமல் மாதத் தவணை 27,600. கேம்பஸில் வருடம் மூன்றரை லட்சத்துக்கு வேலை கிடைத்தால் கைக்கு வருவது இருபத்தைந்தாயிரம் சொச்சம். பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை 22,000 பக்கம் இறங்கும், அப்போதும் சம்பளம் அப்படியே போகும். வங்கி தருகிறது என்பதற்காக அதைக் கட்ட முடியும் என்று அர்த்தம் இல்லை.

ஆக, சிவகாசிக் குடும்பத்துக்கு என் பதில்: கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சீட்டை உறுதி செய்யுங்கள். வீட்டுப் பக்கத்துப் பொதுத்துறை வங்கியில் நான்கு லட்சத்துக்கு விண்ணப்பித்து, வட்டி மானியத்துக்கும் அதோடு எழுதிக் கொடுங்கள். முதல் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்றால் இரண்டு மூன்று பவுனை வங்கியில் வையுங்கள். கடன் கையெழுத்தாகும்போது ஆயுள் காப்பீடு ஒன்றைச் சேர்த்து, பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றுவார்கள். காப்பீடு நல்லதுதான், ஆனால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், அதற்கும் வட்டி ஓடும். அரியர் குவிந்தால் அடுத்த வருடப் பணத்தை வங்கி நிறுத்திவைக்கலாம் என்பதை மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வருமானம் ஐந்து, ஆறு லட்சம் உள்ள சம்பளக்கார வீட்டுக்குப் பதில் கொஞ்சம் மாறும். முழு மானியம் வராது. கல்லூரி வித்யாலட்சுமிப் பட்டியலில் இருந்தால் மூன்று சதவீதத்துக்கு முயலலாம். இல்லையென்றால் வங்கிக் கடனையே வாங்கி, மாதா மாதம் வட்டியைக் கட்டி வருவதுதான் மலிவு. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.காம். என்றால் கட்டணம் சில ஆயிரங்கள்தான், அதற்குக் கடன் தேட வேண்டியதே இல்லை.

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் கடன் வாங்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் கல்விக் கடன் ரத்து என்ற பேச்சும் வரும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்குப் பிற்பாடு வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது சிபிலில் அந்தப் பழைய பாக்கிதான் நின்றது. கட்ட முடியாத நிலை என்றால் முதல் தவணைத் தேதிக்கு முன்னாலேயே கிளைக்குப் போய், வேலை தேடிக்கொண்டிருப்பதை எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம். வேலையில்லாத காலத்துக்கு, கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணையை ஒத்திவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. மூன்று தவணை தவறி, கணக்கு வாராக் கடன் ஆன பிறகு போய்க் கேட்டால் அது கிடைப்பது கடினம். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.